எந்த நாளிலிருந்து அறுபது நாள்?

அறுபது நாட்களுக்குள் பணம் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எந்த நாளிலிருந்து அறுபது நாள் என்று நான் பார்க்கவில்லை. 30,000 சொற்கள் எழுதி அனுப்பிவிட்டு, கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது 2022 மார்ச். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. இனி வராது என்பதும் தெரியும்.

நான் செய்வது ரோல்பிளேயிங் கேம் டிசைன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், அவர் கேம் மாஸ்டர். சண்டையோ சாகசமோ வந்தால் பகடை உருட்டி முடிவு பார்ப்பார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கியது இது. முதல் தடவை ஆயிரம் பிரதிதான் போட்டார்கள். இன்று கம்ப்யூட்டரிலும் போனிலும் ‘லெவல் ஏறிட்டேன்’ என்று பிள்ளைகள் சொல்வதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். அதற்கான விதிகளையும் ஊர்களையும் ஆட்களையும் சிக்கல்களையும் எழுதுகிறவர்தான் டிசைனர். எழுத்து வேலை பாதி, கணக்கு வேலை பாதி.

பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தபோது, 2017-ல் அலுவலக நண்பர்கள் சனிக்கிழமைகளில் விளையாடக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வாரத்திலேயே எனக்கு விளையாடுவதைவிட நடத்துவது பிடித்துப்போயிற்று. 2020 ஊரடங்கில் மலைக்குத் திரும்பினேன். வேலை வீட்டிலிருந்தே ஓடியது. இரவில் வெளிநாட்டுச் சிறு பதிப்பகங்களுக்கு மாதிரிகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். 2021 பிப்ரவரியில் ஒன்று விழுந்தது: 6,000 சொற்கள், சொல்லுக்கு 3 சென்ட். மொத்தம் 180 டாலர். பேபால் கட்டணமும் டாலரை ரூபாயாக மாற்றும்போது அவர்கள் வைக்கும் விலையும் போக, கைக்கு வந்தது 12,200 ரூபாய். அன்றைக்கு வீட்டுக்கே வர்க்கி வாங்கிக்கொண்டு போனேன். ஏதோ உலகத்தை ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்த முதல் வேலையைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. அவர்கள் கேட்டது ‘மலைக்காட்டில் வாழும், மந்திரம் தெரிந்த ஒரு கூட்டம்’. நான் நீலகிரிக்காரி, எனக்கா கஷ்டம்? சின்ன வயதில் எங்கள் மலைப் பழங்குடிகளான குறும்பர்களைப் பற்றிக் கேட்ட பில்லி சூனியக் கதைகளை எடுத்து, பெயரை மாற்றி, பற்களைக் கூர்மையாக்கி எழுதிவிட்டேன். புத்தகம் வந்ததும் பெருமையாகக் கல்லூரித் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். அவள் அந்தச் சமூகம். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் போன் செய்தாள். “நீ எழுதினதுல கோவம் இல்லடி. ஆனா இந்தக் கதையை நம்பித்தான் அந்தக் காலத்துல எங்க ஆளுங்களைக் கொன்னாங்க, தெரியுமா உனக்கு?” எனக்குத் தெரியாது. தேடிப் படித்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்கள் கொல்லப்பட்டது பதிவாகவே இருக்கிறது. உடனே பதிப்பகத்துக்கு எழுதினேன், அந்தப் பகுதியை மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்று. முடியாது என்றார்கள். ‘வொர்க் ஃபார் ஹயர்’ என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதாவது எழுதிய கணத்திலிருந்தே அது அவர்களுடைய சொத்து. ஒரு வரியைத் திருத்தக்கூட எனக்கு உரிமையில்லை. இன்னும் அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது, என் பெயரோடு. இந்த மாதிரி ஒப்பந்தம்தான் இந்தத் தொழிலில் வழக்கம், முழுக்கத் தவிர்க்க முடியாது. ஆனால் நம் ஊரிலிருந்து, நம் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்த எதையும் அந்த ஒப்பந்தத்துக்குள் போடாதீர்கள். டிராகன் எழுதிக் கொடுங்கள், போகட்டும்.

சரி, 30,000 சொற்களுக்கு வருகிறேன். 2021 செப்டம்பரில் வேறொரு பதிப்பகம், சொல்லுக்கு 4 சென்ட் என்றார்கள். 1,200 டாலர், கிட்டத்தட்ட 90,000 ரூபாய். ஒரு தீவு நகரம், அதன் ஏழு வட்டாரங்கள், நாற்பது ஆட்கள், எட்டு சாகசங்கள். இதை முடித்தால் அடுத்தது இன்னும் பெரியது என்று பேச்சு. நான் செய்த முட்டாள்தனம் என்னவென்றால், இதை நம்பி மாதம் 48,000 வந்துகொண்டிருந்த டெஸ்டிங் வேலையை விட்டேன். இரவுபகலாக ஆறு மாதம். பனிக்காலத்தில் விடியற்காலையில் கீபோர்டில் விரல் விறைக்கும். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் டம்ளரைப் பிடித்துச் சூடேற்றி, மறு கையால் தட்டுவேன். மார்ச்சில் முழுவதையும் அனுப்பினேன். பிரமாதம் என்று எடிட்டர் எழுதினார். மே மாதம் ஞாபகப்படுத்தினேன். அப்போதுதான் அந்த வரியைச் சுட்டிக்காட்டினார்: ‘புத்தகம் வெளியான நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள்.’ நான் அனுப்பிய நாளிலிருந்து இல்லை, அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தும் இல்லை. ஆகஸ்டில், தாள் விலை ஏறிவிட்டதால் தள்ளிப்போகிறது என்றார்கள். நவம்பரில் மூன்று வரி மெயில் வந்தது: திட்டம் கைவிடப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. வெளியாகாத புத்தகத்துக்கு வெளியான நாள் எங்கிருந்து வரும்? அந்த ஒப்பந்தத்தின்படி அவர்கள் எனக்குக் கடன்பட்டவர்களே இல்லை.

அதோடு முடியவில்லை. அதே ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று இடத்தில் நான் கோட்டை விட்டிருந்தேன். சம்பளம் ‘இறுதியாக அச்சாகும் சொற்களுக்கு’ என்று இருந்தது, அதாவது எடிட்டர் 9,000 சொல் வெட்டினால் அந்த 9,000-க்குக் காசில்லை. நடுவில் கைவிட்டால் ஒரு பங்காவது தர வேண்டும் என்ற வரி, இதைக் ‘கில் ஃபீ’ என்பார்கள், அது இல்லவே இல்லை. மூன்றாவது, ரகசியக் காப்பு. வெளியாகாத வேலையை நான் யாருக்கும் மாதிரியாகக்கூடக் காட்ட முடியாது. ஆறு மாத உழைப்பு, காசும் இல்லை, காட்டவும் முடியாது. இப்போது நான் கேட்பது இதுதான்: பணம் ‘ஏற்றுக்கொண்ட’ நாளிலிருந்து 30 நாளில், முப்பது நாள் வரை பதிலே இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், எண்ணிக்கை அவர்கள் கேட்ட சொற்களின் எண்ணிக்கை, பெரிய வேலை என்றால் மூன்றாகப் பிரித்து, முதல் பங்கு வந்த பிறகுதான் இரண்டாவது பகுதி, கைவிட்டால் முடித்த வேலைக்குப் பாதியாவது, ஒரு வருடத்தில் வெளியாகாவிட்டால் எழுத்து என்னிடம் திரும்பும். கேட்டால் வேலையே போய்விடும் என்று பயமாக இருக்கும். எனக்கு இரண்டு போயிருக்கிறது. அந்த இரண்டும் எப்படிப் போயிருக்கும் என்று இப்போது யோசித்தால் வருத்தமில்லை.

அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டு ஒரு வாரம் இருந்தேன். அவர் முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் எடை எழுதியவர். தோட்டக்காரர்கள் மூட்டை கொண்டுவந்து போட, ஈரத்துக்குக் கழித்து, கிலோ எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. சொன்னதும் திட்டுவார் என்று நினைத்தேன். “எடை போட்டன்னைக்கு சீட்டு வாங்கினியாம்மா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “வாங்கியிருந்தாலும் வெலை அப்புறந்தான் சொல்லுவாங்க. இங்க இலை போடுறவங்க எல்லாரும் அப்படித்தான போடுறாங்க” என்றார். இங்கே சிறு தோட்டக்காரர்கள் இன்று இலையைக் கொடுப்பார்கள், கிலோவுக்கு என்ன விலை என்பது மாதம் முடிந்துதான் தெரியும். எனக்கு ஆறுதல் சொன்னாரா, தன் ஆயுசுக் கவலையைச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இது இந்தத் தொழிலின் பெரிய ஆட்களுக்கும் நடந்ததுதான் என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆர்னெசனே தன் ராயல்டிக்காக 1979-ல் வழக்குப் போட்டு, 1981-ல்தான் சமரசமானார். இன்னொருவரான கைகாக்ஸ், தான் தொடங்கிய நிறுவனத்தின் பிடியை 1985-ல் இழந்தார்.

இனி மற்றவர்களுக்கு எழுதப்போவதில்லை, சொந்தமாக ஒரு விளையாட்டு போடுகிறேன் என்று ரோஷத்தில் இறங்கினேன். தமிழில், தேயிலை மலையில் நடக்கும் கதை. விதிகளை மட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் திறந்த உரிமத்தில் இருந்து எடுத்துக்கொண்டேன், 2000-லிருந்து எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். 2023 ஜனவரியில், பக்கம் கட்டி முடித்து அச்சுக்கு அனுப்பும் நிலையில் இருந்தபோது, அந்த விளையாட்டை வைத்திருக்கும் நிறுவனம் அந்த உரிமத்தைத் திரும்பப் பெறப்போகிறது என்று வரைவு ஒன்று கசிந்தது. பெரிய வருமானம் உள்ளவர்களிடம் 25 சதவீதம் கேட்கும் வரைவு அது. என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லை, இருந்தாலும் நான் நடுங்கிவிட்டேன். அந்த மாதம் 27-ம் தேதியே விதிகளின் அடிப்படைத் தொகுப்பை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டுப் பிரச்சினையை முடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் நான் பாதிப் புத்தகத்தைப் பிய்த்துப்போட்டிருந்தேன். பொதுவாக ஒரு ஆட்டத்தின் முறையை யாரும் பதிப்புரிமை என்று பிடித்துவைக்க முடியாது, அதைச் சொல்லியிருக்கும் எழுத்துக்கும் படத்துக்கும் பெயருக்கும்தான் உரிமை என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம். ஸ்னூக்கரையே பாருங்களேன். ஜபல்பூரில் 1875-ல் ஒரு ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம், 1882-ல் விதிகளாக எழுதி எங்கள் ஊட்டி கிளப்பில்தான் மாட்டினார்கள். உலகமே விளையாடுகிறது, ஊட்டிக்கு யாரும் பைசா அனுப்புவதில்லை.

அந்த வீண் நடுக்கத்தில் ஒரு நல்லது நடந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உருட்டும் இருபது முகப் பகடையைத் தூக்கிவிட்டு எதை வைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அத்தை பரணில் இருந்து பாட்டியின் தாயக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். பித்தளை, ஓரமெல்லாம் தேய்ந்து மழமழவென்று இருக்கும். சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு கட்டையில் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையில் விழும். அதில் மூன்று என்ற எண் நாலு தடவை வரும், ஆறு ஒரே ஒரு தடவை, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் ஒரே தடவை. தாயம் என்கிற ஒன்று, பதினாறில் இரண்டு. இருபது முகப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு, இதில் நடுவில் குவியும், ஓரத்தில் அபூர்வமாகும். கதை நடத்த இது அற்புதமான கருவி. நோட்டில் கணக்குப் போட்டு, விதி எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, கீழ் லயத்து அக்கா, அவர் பையன், இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்தேன்.

முதல் ஆட்டமே குளறுபடி. அத்தைக்கு ஐந்து விழுந்தது. நான் கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கட்டையை எடுத்து மறுபடி உருட்டிவிட்டார். “அத்தை, ஒரு தடவைதான்” என்றேன். “அஞ்சு விழுந்தா மறுபடி போடணும்டி, தெரியாதா உனக்கு?” தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கை தானாகப் போகிறது. மூன்று ஆட்டம் வரை நான் விதிப் புத்தகத்தைக் காட்டிச் சண்டை போட்டேன். நாலாவது ஆட்டத்தில் தோற்றுப்போய், சரி, மறுபடி உருட்டலாம், ஆனால் ஒவ்வொரு மறு உருட்டலுக்கும் கதையில் புதிதாக ஏதாவது ஒன்று நடக்கும் என்று மாற்றினேன். கணக்குப் பார்த்தால் பதினாறில் ஆறு தடவை மறு உருட்டல் கிடைக்கும், சராசரியாக ஒரு முறைக்கு 1.6 உருட்டல். அதுதான் அந்த விளையாட்டின் உயிரே. லயத்து அக்காவுக்கு அடுத்தடுத்து தாயம், ஐந்து, தாயம் விழுந்து, அவருடைய கொழுந்து பறிக்கும் பாத்திரம் சிறுத்தையிடமிருந்து தப்பித்து, வழி தவறி, துரை பங்களாவின் சமையலறைக்குள் போய் விழுந்தபோது எல்லோரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். டிசைனர் ஆக வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதில் இதுதான் உருப்படியானது: விளையாட்டே தெரியாத ஐந்து பேரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். புத்தகத்தோடு நீங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகப்போவதில்லை. அவர்கள் தப்பாகச் செய்வதை எழுதிவையுங்கள். ஒரே தப்பை மூன்று பேர் செய்தால் தப்பு புத்தகத்தில் இருக்கிறது.

இனி அச்சுக் கதை. சிவகாசியில் ஒரு அச்சகம், 96 பக்கம், ஆயிரம் பிரதி, 92,000 ரூபாய். ஓவியருக்கு 45,000, அவருக்கு முழுவதும் முன்பணமாகவே கொடுத்தேன், நான் பட்டது போதும் என்று. ஆஃப்செட்டில் ஆயிரத்துக்குக் குறைவாகப் போட்டால் ஒரு பிரதியின் விலை எகிறிவிடும் என்பதால் ஆயிரம் போட்டேன். அச்சகத்து அண்ணாச்சி போனிலேயே கேட்டார், “மேல மலையிலயா வைக்கப் போறீங்க? அப்ப நூல் தையல் போட்டுக்கிடுங்க, பசை நிக்காது.” பிரதிக்கு 14 ரூபாய் கூடுதல். வேண்டாம் என்றேன். 2023 ஆகஸ்டில் கட்டுகள் வந்து இறங்கின, பின்கட்டு அறையில் சுவரோரமாகத் தரையில் அடுக்கினேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. நவம்பரில் பத்து நாள் வெயிலே பார்க்கவில்லை, வீட்டுக்குள்ளேயே பனிமூட்டம் வந்து போயிற்று. ஒரு நாள் ஆர்டர் வந்ததே என்று கீழ்க் கட்டைப் பிரித்தேன். மேலட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. எடுத்து விரித்தால் முதுகுப் பசை பிஸ்கட் மாதிரி உடைந்து, பக்கங்கள் உதிர்ந்து மடியில் விழுந்தன. 340 பிரதி போயிற்று. அம்மா அதை வெயிலில் காயப்போடலாம் என்றார். எந்த வெயிலில்?

மொத்தக் கணக்கு இது. நேரடியாக 260 பிரதி 350 ரூபாய் வீதம், கடைகள் மூலம் 170 பிரதி 40 சதவீதக் கழிவுக்கு. வரவு 1,26,700. அச்சு, ஓவியம், லாரி, தபால் எல்லாம் சேர்த்துச் செலவு 1,52,500. நஷ்டம் 25,800, என் உழைப்புக்குச் சம்பளம் போடாமல். இதில் நான் கற்றது, முதலில் பிடிஎஃப் போட வேண்டும் என்பது. விளையாட்டுகளை விற்கும் இட்ச் தளத்தில் போட்டால் வழக்கமாக 10 சதவீதம்தான் எடுப்பார்கள், அதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதே மாதிரி இன்னொரு தளமான டிரைவ்த்ரூ ஆர்பிஜியில் 30, அங்கே மட்டும் விற்காமல் வேறிடத்திலும் விற்றால் 35. பிடிஎஃப் நூறு பேர் வாங்கிய பிறகு அச்சைப் பற்றி யோசியுங்கள். அச்சுப் போட்டால் கட்டுகளைச் சமவெளியில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். மிச்சம் இருந்ததை இப்போது மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் வைத்திருக்கிறேன், கட்டிலுக்கு அடியில், செங்கல் மேல். வெளிநாட்டு விற்பனைக்கு அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்பார்கள், டபிள்யூ-8பென். சலிப்பில் விட்டுவிடாதீர்கள். கொடுக்காவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள், கொடுத்தால் இந்திய ஒப்பந்தப்படி பெரும்பாலும் 15. நான் முதல் வருடம் விட்டேன்.

கையில் காசில்லாமல் 2024-ல் கம்ப்யூட்டர் பக்கம் போனேன். சமவெளியில் ஒரு ஸ்டுடியோ, வீட்டிலிருந்து வேலை, மாதம் 55,000, குவெஸ்ட் டிசைனர், அதாவது ஆட்டத்துக்குள் வரும் சின்னச் சின்னச் சாகசங்களை எழுதுகிறவர். சேர்வதற்கு முன் ‘சின்ன டெஸ்ட்’ என்றார்கள். ஆறு நாள் வேலை, சம்பளம் இல்லாமல். இப்போது யாராவது டெஸ்ட் கேட்டால் நாலு மணி நேரத்துக்குள் முடிவதை மட்டும் செய்வேன் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலை நன்றாகவே இருந்தது, நிறையக் கற்றேன். மேசையில் ஆடும்போது கதையில் ஓட்டை இருந்தால் கேம் மாஸ்டர் சமாளித்துவிடுவார். கம்ப்யூட்டருக்குச் சமாளிக்கத் தெரியாது. நான் எழுதிய முதல் குவெஸ்டில் ஒரு பரிசல்காரர், அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்தால் அக்கரைக்கு விடுவார். டெஸ்டிங்கில் இருந்த பையன் அந்தச் சாவியைச் சந்தையில் மூன்று காசுக்கு விற்றுவிட்டு வந்து நின்றான். ஆட்டம் அங்கேயே செத்தது. அதைச் சரிசெய்தால், இன்னொருத்தி பரிசல்காரரையே முதலில் கொன்றுவிட்டாள். ஒரு சாவிக்கு நான் வைத்திருந்தது இரண்டு நிலை: இருக்கிறது, இல்லை. கடைசியில் ஏழு ஆயிற்று: கிடைக்கவில்லை, கையில், விற்றாச்சு, தொலைந்தது, கொடுத்தாச்சு, திருடியாச்சு, ஆளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வசனம். பழைய டெஸ்டிங் வேலை வீணாகவில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் டுவைன், இங்க் மாதிரி கிளை பிரியும் கதைகள் எழுதும் இலவசக் கருவிகளில் அரை மணி நேரம் ஆடக்கூடிய ஒன்றை முழுசாக முடித்து வைத்திருங்கள். ஐந்நூறு பக்கக் கற்பனை உலகத்தை யாரும் படிப்பதில்லை. முடிந்த ஒன்றைத் திறந்து பார்ப்பார்கள்.

பதினோரு மாதத்தில் அந்தத் திட்டத்துக்கும் பணம் நின்றது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் மூன்று தவணையாக வந்தது, அதுவரை பரவாயில்லை. இந்தத் தடவை நான் வேலையில் இருக்கும்போதே ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன், அதனால் அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் பிடிக்கவில்லை, அன்று மாலையே சொன்னேன். வீட்டிலிருந்து வேலை என்பவர்கள் மலையில் இன்னொன்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால் மூன்று நாள் வராது. நான் ஆட்டத்தின் ஒரு முக்கியமான பதிப்பை அனுப்ப லேப்டாப்போடு பஸ் ஏறிக் குன்னூர் போயிருக்கிறேன். இரண்டு வெவ்வேறு நெட்வொர்க் சிம், ஒரு இன்வெர்ட்டர், இவை இல்லாமல் கெடு தேதிக்குச் சரி என்று சொல்லாதீர்கள்.

இப்போது பாதி நாள் வெளியாட்களுக்கு எழுதுகிறேன், பாதி நாள் தாயக்கட்டை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு. அதில் வரும் காட்டு வைத்தியர் பாத்திரத்தை அந்தத் தோழியோடு உட்கார்ந்து எழுதினேன், அவள் பெயரும் அட்டையில் வரும், விற்பதில் பங்கும் உண்டு, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம். பித்தளைக் கட்டை வாங்க முடியாதவர்களுக்கு ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையில் எப்படி ஆடுவது என்று அத்தை சொல்லச் சொல்ல ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறேன். அவருக்கு இன்னும் சம்பளம் பேசவில்லை. தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒரு ஒப்பந்தம் வந்தது, 18,000 சொற்கள், சொல்லுக்கு 7 சென்ட். பிரின்ட் எடுத்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஆறாவது பத்தியில் ‘வெளியான நாளிலிருந்து’ என்று இருந்தது. அவரே என் கையிலிருந்து பேனாவை வாங்கி அதைச் சுற்றி வட்டம் போட்டார். மாற்றித் தரச் சொல்லி அன்றே மெயில் அனுப்பினேன். ஒன்பது நாள் ஆகிறது, பதில் வரவில்லை.